ஒரு அட்டையைப் பின்தொடருங்கள்: நிவாரணப் பணியில் டிஜிட்டல் உரிமைகளை ஆராய வருபவர்களுக்கு

முகாமில் ஒரு குடும்பத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கிடைப்பதற்கு முன்னால் அந்தக் குடும்பம் என்னவெல்லாம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். பெயர், பிறந்த ஆண்டு, அப்பா பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன நோய், போட்டோ, கைரேகை, பல இடங்களில் கருவிழிப் படமும். உயிருக்குப் பயந்து ஓடி வந்த ஒருவர், தன்னைத் துரத்தியவர்களுக்கு மிகவும் தேவைப்படக்கூடிய விவரங்களை, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் சில நிமிடங்களில் ஒப்படைக்கிறார். அவை பிறகு எங்கே போகின்றன, யார் கையில் சேர்கின்றன, தப்பாகிப் போனால் யார் பொறுப்பு என்று தேடுவதுதான் இந்த ஆராய்ச்சி.

இதற்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறார்கள். ஐடி வேலையில் இருந்துவிட்டு வருபவர்களுக்கு சர்வர், என்கிரிப்ஷன் எல்லாம் அத்துப்படி. முகாம் எப்படி நடக்கிறது என்று தெரியாது. சட்டம், சமூகப்பணி, இதழியல் படித்துவிட்டு வருபவர்களுக்கு மக்களிடம் பேசத் தெரியும். டேட்டாபேஸ் என்றதும் கண் சொக்கிவிடும். ஆனால் இரு தரப்பும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பிளாக்செயின், செயற்கை நுண்ணறிவு, பயோமெட்ரிக் (ரேகை, கருவிழி போன்ற உடல் அடையாளப் பதிவு) என்று தொழில்நுட்பத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் அந்தத் தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். என் யோசனை வேறு. ஒரே ஒரு அட்டையையோ படிவத்தையோ எடுத்துக்கொண்டு, அது போகும் வழியெல்லாம் அதன் பின்னாலேயே போங்கள்.

முதலில் கேள்வியைச் சிறிதாக்குங்கள்

‘அகதிகள் வாழ்வில் டிஜிட்டல் தொழில்நுட்பத்தின் தாக்கம்’ என்பது கருத்தரங்க மேடைக்கு ஏற்ற தலைப்பு. அதை வைத்து மாதக்கணக்கில் படித்தாலும் சொந்தமாகச் சொல்ல ஒரு பக்கம் தேறாது. ‘இந்த முகாமில் இந்த அட்டை வாங்குவதற்கு ரேகை கொடுக்க மறுத்தவருக்கு என்ன ஆனது?’ என்பதுதான் விடை தேடக்கூடிய கேள்வி.

எந்த அட்டையை எடுத்தாலும் ஐந்து விஷயங்களைக் கேளுங்கள். யார் என்னென்ன விவரம் வாங்குகிறார்கள்? எங்கே வைக்கிறார்கள்? வேறு யாருக்குக் கொடுக்கிறார்கள்? தரமாட்டேன் என்றால் என்ன நடக்கும்? தவறு நடந்தால் யாரிடம் போய் முறையிடுவது? முதல் கேள்விக்கு ஒரு வாரத்தில் விடை கிடைத்துவிடும். நான்காவதும் ஐந்தாவதும் மாதக்கணக்கில் இழுக்கும். கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்கதும் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

நம்மூர் வாசகர்களுக்கு இது ஒன்றும் புது விஷயமல்ல. ரேஷன் கடையில் ‘ரேகை விழல, நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்பப்பட்ட பாட்டியைப் பார்த்தவர்களுக்கு நான்காவது கேள்வி ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. வயலிலும் கட்டடத்திலும் உழைத்துத் தேய்ந்த விரல்களை மெஷின் ஏற்காது. முகாம்களில் இருப்பவர்களும் பெரும்பாலும் அப்படிப்பட்ட விரல்களை உடையவர்கள்தான்.

முழுதாக ஒரு உதாரணம்: காக்ஸ் பஜார்

2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியான்மர் ராணுவத்தின் தாக்குதலுக்குத் தப்பி ரக்கைன் மாநிலத்திலிருந்து 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யாக்கள் எல்லை தாண்டி வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்துக்கு வந்தார்கள். 2018 ஜனவரியில் ஐநா அகதிகள் முகமையும் வங்கதேச அரசும் தகவல் பகிர்வு ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டன. அந்த ஆண்டின் நடுவிலிருந்து இரண்டும் சேர்ந்து முகாம்களில் பதிவு நடத்தின. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். முகாமில் அதன் பெயர் ஸ்மார்ட் கார்டு. ரேஷனுக்கும் மற்ற உதவிகளுக்கும் அது வேண்டும்.

இங்கே நின்று முதல் கேள்வியைப் போடுங்கள். விவரம் வாங்குவது யார்? ஒருவர் அல்ல, இருவர். ஒரே மேசை, இரண்டு எஜமானர்கள். ஐநா முகமைக்குப் பாதுகாப்பும் உதவியும் நோக்கம். வங்கதேச அரசுக்கு அதோடு இன்னொரு நோக்கமும் உண்டு: இவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே பதிவு இரண்டு நோக்கங்களுக்குப் பயன்படுகிறது என்று தெரிந்தவுடனேயே உங்கள் பென்சில் அங்கே ஒரு வட்டம் போட வேண்டும்.

முகாமில் இருந்தவர்கள் அந்த வட்டத்தை முதலிலேயே போட்டுவிட்டார்கள். 2018 நவம்பரில் கடைகளை அடைத்துப் போராட்டம் நடத்தினார்கள். அட்டையில் ரோஹிங்யா என்று தங்கள் இனத்தின் பெயர் இல்லை என்பது ஒரு குறை. தங்கள் விவரங்கள் மியான்மருக்குப் போய்விடும் என்பது இன்னொரு பயம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘அகதிகளுக்குத் தனியுரிமை பற்றியெல்லாம் கவலை இல்லை, சோறுதான் முக்கியம்’ என்று சொல்லும் அதிகாரிகளை நீங்கள் கண்டிப்பாகச் சந்திப்பீர்கள். அப்போது இந்தக் கடையடைப்பு நினைவில் இருக்கட்டும்.

2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்ட அறிக்கை, அந்தப் பயம் உண்மையானதைக் காட்டியது. முகாம் பதிவில் கிடைத்த விவரங்களைக் கொண்டு வங்கதேச அரசு குறைந்தது 8,30,000 பேரின் பெயர்களை மியான்மருக்கு அனுப்பியிருந்தது. பெயரோடு போட்டோ, பெருவிரல் ரேகை, ஊர் போன்றவையும் போயின. யார் யாரைத் திரும்ப ஏற்றுக்கொள்வது என்று மியான்மர் சரிபார்ப்பதற்காக. துரத்தி அடித்த அரசின் கைக்கே பட்டியல் போய்ச் சேர்ந்தது.

அந்த ஆய்வு எப்படிச் செய்யப்பட்டது என்பதைத்தான் புதியவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். அவர்கள் பேசிய அகதிகள் மொத்தம் 24 பேர். அதோடு உதவிப் பணியாளர்கள், செய்தியாளர்கள், வழக்கறிஞர்கள் என 20 பேர். ‘8 லட்சம் பேரில் 24 பேரா?’ என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்த 24 பேரின் பேச்சு தனியாக நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு காகிதம் இருந்தது. பதிவு முடிந்ததும் கொடுத்த ரசீதில், மியான்மர் அரசோடு விவரத்தைப் பகிரலாமா என்பதற்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்று ஒரு கட்டம். ரசீது முழுக்க ஆங்கிலத்தில். பேட்டி கொடுத்தவர்களில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். ஒருவரின் நினைவும் ஒரு துண்டுக் காகிதமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும்போது 24 பேர் போதும்.

இன்னொன்றும் செய்தார்கள். அமைப்பை அதன் சொந்த விதியை வைத்தே அளந்தார்கள். விவரங்களைப் பகிர்வதற்கு முன் அதனால் வரக்கூடிய ஆபத்தை முழுமையாக மதிப்பிட வேண்டும் என்று முகமையின் தரவுப் பாதுகாப்புக் கொள்கையே சொல்கிறது. அப்படி முழு மதிப்பீடு நடக்கவில்லை என்பது அறிக்கையின் குற்றச்சாட்டு. நீங்களாக ஒரு அறத்தைக் கொண்டுவந்து வைத்தால் ‘களநிலவரம் உங்களுக்குத் தெரியாது’ என்று தட்டிவிடுவார்கள். அவர்களுடைய கொள்கையையே அவர்கள் முன் விரித்தால் அப்படித் தட்ட முடியாது.

முகமை இதை மறுத்தது. விவரங்களைப் பகிரலாமா என்று தனியாகக் கேட்டோம், மறுத்தாலும் உதவி நிற்காது என்று விளக்கினோம் என்றது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையை வெளியிடுவதற்கு முன்பே முகமையிடம் கண்டுபிடிப்புகளை அனுப்பிப் பதில் வாங்கி, அதையும் அறிக்கையில் சேர்த்திருந்தது. எனக்கென்னவோ இருவர் சொன்னதும் ஓரளவு உண்மையாக இருக்கலாம் என்றே தோன்றுகிறது. மேசையில் இருந்தவர் அந்த வாக்கியத்தைப் படித்திருப்பார். வெயிலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று வந்தவர் காதில் ‘அட்டை வேண்டுமா?’ என்பது மட்டும் விழுந்திருக்கும். சம்மதம் கேட்கப்பட்டதா என்று மட்டும் விசாரித்தால் இந்த இடைவெளி கண்ணில் படாது. ‘வேண்டாம் என்று சொல்ல முடியும் என்று நினைத்தீர்களா?’ என்று கேட்டால் படும்.

அதே முகாம்களில் 2019 செப்டம்பரில் வங்கதேசத் தொலைத்தொடர்பு ஆணையம் 3ஜி, 4ஜி சேவையை நிறுத்தச் சொன்னது. அது திரும்பி வர 2020 ஆகஸ்ட் ஆனது. கொரோனா வந்ததும் அந்த இடைவெளியில்தான். எது வதந்தி, எது மருத்துவர் சொன்னது என்று தெரிந்துகொள்ள வழியில்லாத மாதங்கள். ஆகவே டிஜிட்டல் உரிமை என்றால் கண்காணிப்பு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தன் விவரம் தன்னைக் கேட்காமல் போகக்கூடாது என்பது ஒரு பாதி. வெளியுலகத்தோடு பேச விட வேண்டும் என்பது மறு பாதி.

தீங்கு எந்த உருவத்தில் வரும்

ஹேக்கர் வந்து திருடுவதுதான் தீங்கு என்று ஐடி பக்கத்திலிருந்து வருபவர்கள் நினைப்பார்கள். அதுவும் நடக்கிறது. 2022 ஜனவரி 18 அன்று சர்வதேச செஞ்சிலுவைக் குழு தன் சர்வர்களில் யாரோ நுழைந்திருப்பதைக் கண்டுபிடித்தது. நுழைந்தது 2021 நவம்பர் 9 அன்று. எழுபது நாள் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். போரிலும் பேரிடரிலும் பிரிந்த குடும்பங்கள், காணாமல் போனவர்கள், சிறையில் இருப்பவர்கள் என 5,15,000க்கும் அதிகமானோரின் விவரங்கள் அங்கே இருந்தன. உலகெங்கும் குறைந்தது 60 செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் சேர்த்துக் கொடுத்தவை. நுழைந்த வழி, பாஸ்வேர்டுகளை நிர்வகிக்கும் ஒரு மென்பொருளில் இருந்த ஓட்டை. சென்னையைச் சேர்ந்த ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு தயாரித்த மென்பொருள் அது. ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2021 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. நுழைவு நடந்த சர்வரில் அது போடப்படவில்லை. இதெல்லாம் நமக்குத் தெரியக் காரணம், நடந்ததைச் செஞ்சிலுவைக் குழுவே கேள்வி பதிலாக எழுதி வெளியிட்டதுதான். காணாமல் போன பிள்ளையைத் தேடிச் செஞ்சிலுவையிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்த குடும்பங்கள் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ உண்டு. அந்தப் பட்டியல்களின் கனம் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் எந்த ஹேக்கரும் இல்லாமல், எல்லாம் விதிப்படியே நடந்தும் தீங்கு வரும். கென்யாவைப் பாருங்கள். அந்நாட்டின் வடகிழக்கில் வாழும் சோமாலி இனத்தவர் கென்யக் குடிமக்கள். வறட்சிக் காலங்களில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல், பக்கத்திலிருந்த டாடாப் அகதி முகாமில் போய் அகதி என்று பதிந்து ரேஷன் வாங்கினார்கள். பல வீடுகளில் குழந்தைகளின் ரேகையும் பதிவானது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து 18 வயதில் தேசிய அடையாள அட்டை கேட்டுப் போனபோது கணினி சொன்னது: ‘நீ அகதி.’ அட்டை இல்லாவிட்டால் அங்கே வேலை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, சிம் கார்டுகூட இல்லை. இப்படிச் சிக்கியவர்கள் சுமார் 40,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். கரிசாவில் உள்ள ஹக்கி நா ஷெரியா என்ற அமைப்பு இவர்களுக்காகப் பல ஆண்டுகள் வழக்காடியது. ரேகை வாங்கிய நாளுக்கும் அது கடித்த நாளுக்கும் இடையே பத்துப் பதினைந்து வருடம். திட்டம் முடிந்த ஆறாவது மாதத்தில் ‘மதிப்பீட்டு அறிக்கை’ எழுதுபவர்கள் கண்ணில் இது எப்படிப் படும்?

மறுபக்கத்தையும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆய்வு வெறும் வழக்குரையாகிவிடும். ஏமனில் ஹூதி கிளர்ச்சியாளர்களின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் உணவு உரியவர்களுக்குப் போகாமல் வேறு கைகளுக்குப் போகிறது என்று ஐநாவின் உலக உணவுத் திட்டம் சொன்னது. தடுக்க பயோமெட்ரிக் பதிவு வேண்டும் என்றது. ஹூதி அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. 2019 ஜூனில் உணவு விநியோகம் ஓரளவு நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் உடன்பாடு வந்த பிறகு தொடர்ந்தது. அங்கே ரேகை வேண்டாம் என்ற தரப்பு மக்களின் உரிமைக்காகத்தான் பேசியது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

யாரை எந்தச் சட்டம் கட்டும்

புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. ஆனால் அடிப்படை எளிது.

ஐநா அமைப்புகள் 1946ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி விலக்குரிமை பெற்றவை. அவை தாமாக விட்டுக்கொடுத்தாலொழிய எந்த நாட்டு நீதிமன்றத்திலும் அவற்றை நிறுத்த முடியாது. ஆகவே தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி ஐநா முகமையிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. அவற்றைக் கட்டுவது அவற்றின் சொந்தக் கொள்கைகள்தான். ஐநா அகதிகள் முகமைக்கு 2015 கொள்கையும் 2022இல் வந்த பொதுக் கொள்கையும் இருக்கின்றன. செஞ்சிலுவைக் குழு 2019இல் பயோமெட்ரிக்குக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. ஐநா அமைப்புகளும் பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2021இல் தரவுப் பொறுப்பு பற்றிய பொது வழிகாட்டுதலை வகுத்து 2023இல் திருத்தின. மேலே ரோஹிங்யா ஆய்வில் பார்த்தோமே, அதே வழி: கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு நடைமுறையைப் பாருங்கள்.

ஐரோப்பாவில் தலைமையகம் உள்ள தொண்டு நிறுவனங்கள் கதை வேறு. 2018 முதல் அங்கே நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறை அவர்களைக் கட்டும். அரசுகளை அந்தந்த நாட்டுச் சட்டம் கட்டும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், இந்தியாவில் 2023ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டிலும் அரசுக்கு எவ்வளவு விலக்கு இருக்கிறது என்ற பகுதியை முதலில் படியுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

தகவல் உரிமைச் சட்டம் இந்தியாவில் 2005 முதலும் இலங்கையில் 2016 முதலும் இருக்கிறது. இரண்டிலும் மனுப் போடும் உரிமை குடிமக்களுக்குத்தான். தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாமில் முப்பது வருடமாக இருக்கும் இலங்கைத் தமிழர் ஒருவர், தன்னைப் பற்றி அரசு என்ன எழுதி வைத்திருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியாது. இந்தியக் குடிமகன் என்றால் நீங்கள் கேட்கலாம். தனிநபர் விவரம் கேட்காமல் சுற்றறிக்கை, படிவத்தின் மாதிரி, பதிவு வைத்திருக்கும் கால அளவு, மென்பொருள் ஒப்பந்தம் ஆகியவற்றைக் கேளுங்கள். தனிநபர் விவரம் கேட்டால் உடனே கதவை மூட இந்தியாவின் 2023 சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை இன்னும் இறுக்கியிருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து ஆரம்பிக்கும் தமிழ் ஆய்வாளருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, விசா தேவையில்லை. காக்ஸ் பஜார்தான் ஆராய்ச்சி, ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாம் ஆராய்ச்சியில்லை என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

காகிதங்களைத் தேடுவது

களத்துக்குப் போகும் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு மேசையிலேயே உட்காருங்கள். ஆச்சரியப்படும் அளவுக்குப் பொதுவெளியில் கிடக்கிறது.

நான் முதலில் தேடுவது தணிக்கை அறிக்கை. உலக உணவுத் திட்டம் தன் உள் தணிக்கை அறிக்கைகளை வெளியிடுகிறது. பயனாளிகளின் விவரங்களைக் கையாள்வதில் உள்ள ஓட்டைகளை 2017 தணிக்கை ஒன்று அப்பட்டமாகச் சொன்னது. தணிக்கையாளர்கள் கவிதை எழுத மாட்டார்கள், அதனால்தான் நம்பலாம். அடுத்து டெண்டர். ஐநா அமைப்புகள் என்ன கருவி வாங்குகின்றன, எத்தனை வாங்குகின்றன, என்ன வேலைக்கு என்பதெல்லாம் ஐநா உலகச் சந்தை என்ற கொள்முதல் தளத்தில் அறிவிப்பாக வரும். மூன்றாவது, கருவி விற்கும் கம்பெனியின் பத்திரிகைச் செய்தி. முகமை தன் அறிக்கையில் அடக்கி வாசிப்பதைக் கம்பெனி பெருமையோடு அறிவித்துவிடும்.

2019 பிப்ரவரியில் உலக உணவுத் திட்டம் பலன்டிர் நிறுவனத்தோடு ஐந்தாண்டுக்கு, 4.5 கோடி டாலர் மதிப்பில் கூட்டு அறிவித்தபோது, ராணுவத்துக்கும் உளவு அமைப்புகளுக்கும் வேலை செய்யும் கம்பெனியா என்று மனித உரிமை அமைப்புகள் பலவும் சேர்ந்து கடிதம் எழுதின. பயனாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் போகாது என்றது உலக உணவுத் திட்டம். இப்படிப்பட்ட பதிலைக் கண்டால் அடுத்த கேள்வி தயாராக இருக்க வேண்டும்: பெயர் இல்லாவிட்டாலும், எந்த ஊருக்கு எப்போது எத்தனை மூட்டை போனது என்பதிலிருந்து என்னென்ன ஊகிக்கலாம்?

ஒரு அமைப்பு தன் மனத்தை மாற்றிக்கொண்ட இடங்களையும் தேடுங்கள். ஆக்ஸ்ஃபாம் 2015இல் பயோமெட்ரிக் வேண்டாம் என்று தானாகவே நிறுத்தி வைத்தது. 2021இல், கடுமையான நிபந்தனைகளோடு ஒரு கொள்கை எழுதி அந்தத் தடையை எடுத்தது. அதற்காக அவர்கள் வெளியிட்ட ஆய்வும் கொள்கையும் சேர்ந்து ஒரு பாடப்புத்தகத்துக்குச் சமம்.

கண்டெடுத்ததை உடனே சேமியுங்கள். இணைப்பை மட்டும் குறித்து வைப்பது போதாது. 2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டபோது, பஞ்ச முன்னெச்சரிக்கைக்கு உலகமே நம்பியிருந்த ஃபியூஸ் நெட் தளம் ஒரே இரவில் காணாமல் போனது. பிடிஎஃப் ஆக இறக்கி, இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, இணையப் பக்கங்களின் நகல்களைக் காத்து வைக்கும் வேபேக் மெஷினிலும் ஒரு நகல் போட்டுவிடுங்கள்.

எல்லாம் ஓரளவு சேர்ந்ததும் பெரிய தாள் ஒன்றில் படம் வரையுங்கள். பதிவு மேசை, டேப்லெட், முகாம் அலுவலகம், முகமையின் சர்வர், அரசு அமைச்சகம், உணவு கொடுக்கும் அமைப்பு, பணம் போடும் வங்கி, கடைக்காரரின் கருவி. ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் எந்தக் காகிதத்தை வைத்து இதை வரைந்தீர்கள் என்று எழுதுங்கள். ஆதாரமில்லாத அம்பைச் சிவப்பில் போடுங்கள். அந்தச் சிவப்பு அம்புகள்தான் மனிதர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள்.

மனிதர்களிடம் போவதற்கு முன்

அகதிகளிடம் முதலில் போகாதீர்கள். பதிவு மேசையில் வேலை செய்தவர்கள், வேலையை விட்டுப் போன உதவிப் பணியாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், அந்த ஊர்ச் செய்தியாளர்கள் ஆகியோரிடம் பேசிவிட்டு, அவர்களால் சொல்ல முடியாததை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். ஏற்கெனவே பத்துப் பேரிடம் கதை சொல்லிச் சலித்தவரிடம் பதினொன்றாவதாகப் போய் நிற்கும் உரிமை சும்மா வருவதில்லை.

காக்ஸ் பஜார் மாதிரி முகாமுக்குள் போக அரசு அனுமதி வேண்டும். உள்ளே மாஜி எனப்படும் பகுதித் தலைவர்கள் வழியாகத்தான் பேச்சு நடக்கும். மாஜி காட்டுபவர்களிடம் மட்டும் பேசினால் மாஜிக்குப் பிடித்த கதைதான் கிடைக்கும். பெண்களிடம் பெண்கள் பேச வேண்டும், கணவரும் மாமனாரும் இல்லாத இடத்தில். மொழிபெயர்ப்பாளர் எந்தத் தரப்பு என்று விசாரியுங்கள். ரோஹிங்யா பேச்சும் சிட்டகாங் பேச்சும் நெருக்கமானவை, ஆனாலும் ஒன்றல்ல. சிட்டகாங்காரர் ஒருவர் எல்லாம் புரிந்ததாகத் தலையாட்டினாலும் பாதி நழுவியிருக்கும்.

பேச ஆரம்பிக்கும்போது மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள்: நான் உதவி கொடுக்கும் ஆள் இல்லை, என்னிடம் பேசினால் ரேஷன் அதிகமாகாது, பேசாவிட்டால் குறையாது, நடுவில் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். கையெழுத்து வாங்காதீர்கள். பெயரும் கையெழுத்தும் உள்ள சம்மதப் படிவம் ஒரு கட்டு சேர்ந்தால் அதுவே ஒரு ஆபத்தான பட்டியல். வாய்மொழிச் சம்மதத்தைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்; போதும். பல்கலைக்கழக நெறிக்குழு கையெழுத்துதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், ஏன் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

‘உங்கள் சம்மதம் பெறப்பட்டதா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற ஒரு சொல்தான் வரும். ‘பதிவுக்குப் போன அன்றைக்கு என்ன நடந்தது? வீட்டிலிருந்து கிளம்பினதிலிருந்து சொல்லுங்களேன்’ என்று கேளுங்கள். வரிசை, வெயில், யார் கத்தினார், மெஷின் எத்தனை முறை ரேகையை ஏற்கவில்லை, எதில் பெருவிரல் வைக்கச் சொன்னார்கள் என்று எல்லாம் வரும். கையில் ரசீது இருந்தால் காட்டச் சொல்லுங்கள். பாருங்கள், கட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் தெரியும்படி போட்டோ எடுக்க வேண்டாம்.

உங்கள் போனும் லேப்டாப்பும்

தேவையில்லாத விவரம் வாங்குகிறார்கள் என்று முகமையைக் குறை சொல்லும் ஆய்வாளரின் லேப்டாப்பில் 60 பேரின் பெயரும் குரல் பதிவும் பாஸ்வேர்டு இல்லாமல் கிடக்கும். இது அரிதான விஷயமில்லை.

பெயர் வேண்டாம். வயதுக்குப் பதில் ‘முப்பதுகளில்’. ஊருக்குப் பதில் மாவட்டம். ஆளுக்கு ஒரு எண். எண்ணுக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பு எழுதிய தாள் வேறு இடத்தில், முடிந்தால் காகிதத்தில். லேப்டாப்பின் வட்டு முழுக்க என்கிரிப்ட் செய்யுங்கள். பேச சிக்னல் செயலி, செய்திகள் தானாக மறையும் அமைப்போடு. போனில் ரேகை வைத்துத் திறக்கும் வசதியை எல்லை தாண்டும் முன் அணைத்துவிட்டு நீளமான எண் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவுக்குள் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கும். எடுப்பதற்கு முன்பே கேமராவின் இருப்பிட அனுமதியை அணையுங்கள்.

கணக்கெடுப்புக்குக் கோபோ டூல்பாக்ஸ் பயன்படுத்துபவர்கள் படிவ அமைப்புகளை ஒருமுறை திறந்து பாருங்கள். நிரப்பிய நேரம், கருவியின் அடையாளம் போன்றவற்றைத் தானாகப் பதியும் வசதிகள் அங்கே இருக்கும். தேவையில்லாததை அணையுங்கள். பேட்டியின் குரல் பதிவை இலவசச் செயற்கை நுண்ணறிவுத் தளத்தில் ஏற்றி எழுத்தாக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அந்தக் குரல் அதற்கப்புறம் எங்கே போகும் என்று உங்களால் ஒரு அம்புக்குறி வரைய முடியாது என்றால், உட்கார்ந்து கையால் எழுதுங்கள்.

எப்போது அழிப்பீர்கள் என்ற தேதியை முதல் பேட்டிக்கு முன்பே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

எழுதும்போது

பெயரை மாற்றிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று நம்பாதீர்கள். ‘12ஆம் முகாமில் தையல் கற்றுக்கொடுக்கும், ஒரு கால் இல்லாத பெண்’ என்று எழுதினால் அந்த முகாமில் அத்தனை பேருக்கும் ஆள் தெரியும். படிக்கச் சுவையாக இருக்கும் விவரம்தான் பெரும்பாலும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரம். எண்ணிக்கைப் பட்டியலிலும் இதே கதைதான். ஒரு கட்டத்தில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் அதைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். தனி ஆள் தெரியாவிட்டாலும் ஒரு குழு தெரிந்துவிடலாம்: எந்த ஊர்க்காரர்கள், எந்த இனத்தார் எந்த இடத்தில் அதிகம் என்பதுகூட தாக்க வருபவருக்குப் போதும்.

நீங்கள் எழுதியிருக்கும் அமைப்புக்கு வெளியிடும் முன் கண்டுபிடிப்புகளை அனுப்பி, பதில் சொல்ல நியாயமான கால அவகாசம் கொடுங்கள். இரண்டு வாரம் குறைந்தபட்சம். பதில் வந்தால் சாரத்தைக் குறைக்காமல் சேருங்கள். அனுப்பும் பிரதியில் பேட்டி கொடுத்தவர்களை அடையாளம் காட்டும் எதுவும் இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், பேசியவர்களிடம் திரும்பிப் போக வேண்டும். நாற்பது பக்க அறிக்கையை அவர்கள் மொழியில் போட முடியாது என்றால் ஐந்து நிமிட ஒலிப்பதிவு போதும். அவர்கள் பேச்சு வழக்கில், அவர்கள் ஆள் ஒருவர் குரலில். வெளியாவதற்கு முன்பே அதைப் போட்டுக் காட்டி, ‘இதில் எதையாவது எடுத்துவிட வேண்டுமா?’ என்று கேளுங்கள். நல்ல வரி ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். கட்டுரை கொஞ்சம் மெலியும், பரவாயில்லை.